மதுரை மாடிக்கு எந்தத் தக்காளி?

விதைக் கடையில் படம் அழகாக இருக்கிறதே என்று பாக்கெட்டைத் தூக்கிவிடாதீர்கள். கறுப்புத் தக்காளி, வரி போட்டது, மடிப்பு மடிப்பாக உள்ளங்கை அளவுக்குப் பெருப்பது, இவற்றில் பல குளிர் நாட்டுச் சரக்கு. மதுரை வெயிலில் செடி தளதளவென்று வளரும், பூக்கவும் பூக்கும், காய்தான் பிடிக்காது.

பகல் வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது, ராத்திரிப் புழுக்கமும் சேர்ந்துதான் கெடுக்கிறது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25-க்குக் கீழே இறங்காமல் நின்றால் மகரந்தம் வீணாகிவிடும். பூக்காம்பின் நடுவில் ஒரு சின்ன முட்டி இருக்கும், பாருங்கள். அது மஞ்சளாகிவிட்டால் தொட்டதும் பூ கையோடு வந்துவிடும். எந்த உரம் போட்டும் அதை நிறுத்த முடியாது. அதனால் ரகத்துக்கு முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள். புரட்டாசியில் குழித்தட்டில் விதைத்து, 25 நாள் நாற்றைப் பையில் நட்டால், கார்த்திகை, மார்கழிக் குளிரில் பூ வரும். ஐப்பசி மழையில் நாற்று அழுகாமல் இருக்க, குழித்தட்டைத் தாழ்வாரத்தில் வையுங்கள்.

அப்புறம் ரகம். என் ஓட்டு பி.கே.எம். 1-க்கு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கியது. நம் வெயில் அதற்குப் புதிதில்லை. பழம் சற்றுத் தட்டையாக, காம்பைச் சுற்றித் தோளில் பச்சை படர்ந்திருக்கும். அந்தப் பச்சையைப் பார்த்து இன்னும் காய் என்று நினைக்க வேண்டாம். ரசத்துக்குக் கரைத்தால் புளியைக் குறைத்துக்கொள்ளலாம். நல்ல பழத்திலிருந்து விதையும் எடுத்து வைக்கலாம்.

பக்கத்தில் வெண்டை, கத்தரி என்று வெள்ளை ஈ மொய்க்கும் மாடியா? இலை மேல்நோக்கிக் கிண்ணம்போல் சுருண்டு, செடி குட்டையாகவே நின்றுவிடும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் அது. அங்கே பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் (ஐ.ஐ.எச்.ஆர்.) வெளியிட்ட அர்கா ரக்ஷக் வாங்குங்கள். இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் என்ற மூன்று நோயையும் தாங்கும். பழம் 90, 100 கிராம் வரும், கொம்பு நட்டுக் கட்ட வேண்டும். கெட்டித் தோல், தொக்குக்குச் சரி, ரசத்துக்கு எனக்குப் பிடிக்காது. வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) என்பதால் விதை எடுத்துப் போட்டால் அதே குணம் வராது.

பங்குனி, சித்திரையிலும் தக்காளி வேண்டும் என்றால் செர்ரித் தக்காளிதான் வழி. பெரிய பழ ரகங்கள் பூவைக் கொட்டும்போதும் இது ஓரளவு பிடிக்கும். மற்ற ரகங்களில் கோடையில் கிடைக்கும் நாலைந்து பழமும் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடும். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு சரியாக ஏறாது. லேசாக நிறம் திரும்பும்போதே பறித்து அடுக்களைக் கூடையில் போட்டுப் பழுக்க விடுங்கள்.

கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே செடிக்குப் பகை வெயில் அல்ல, பனிமூட்டத்தோடு வரும் பின்பருவக் கருகல் நோய். அதையும் தாங்கும் அர்கா அபேத் விதையைத் தேடுங்கள்.