உதிர்ந்த இலையும் பிள்ளைகளின் கைவேலையும்: சேலம், ஏற்காடு பகுதிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி மாதத்தில் பள்ளியிலிருந்து வரும் செயல்திட்டத் தாள்களில் செம்மஞ்சள் நிற மேப்பிள் இலை அச்சிடப்பட்டிருப்பதைச் சேலத்துப் பெற்றோர் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த மாதத்தில் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. வேம்பும் புங்கையும் வாகையும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. குளிர்நாடுகளில் பகற்பொழுது குறுகிக் குளிர் ஏறுவதால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலை உதிர்கிறது. இங்கே மழை ஓய்ந்து மண்ணின் ஈரம் வற்றத் தொடங்கிய பிறகே, அதாவது தை மாதப் பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை, பெரும்பாலான மரங்கள் இலையைக் கழிக்கின்றன. ஆகவே இலை வேலைகளைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் இலைகளோடு அக்டோபரிலேயே முடித்துவிடாமல், நம் மரங்கள் உதிர்க்கும் வரை காத்திருந்து, அவை உதிர்த்தவற்றைக் கொண்டே பிள்ளைகளைச் செய்ய வைக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். தான் பார்க்கும் மரத்துக்கும் தன் கையில் இருக்கும் இலைக்கும் உள்ள தொடர்பு தெரிந்த பிள்ளைக்குப் பாடம் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கே, எப்போது பொறுக்குவது

வீட்டு முற்றம், பள்ளி மைதானம், கோயில் அரசமரத்தடி, தெருவோர வாதாம் மரத்தடி ஆகியவையே போதுமானவை. ஏற்காட்டுச் சாலையின் இருபுறமும் உள்ள காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும், அங்கிருந்து எதையும் எடுத்து வருவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். இதைப் பிள்ளைகளுக்கும் காரணத்தோடு சொல்ல வேண்டும், ஏனெனில் காட்டில் கிடக்கும் சருகு அந்தக் காட்டுக்கே உரமாகிறது. மலைமேல் உள்ள காப்பித் தோட்டங்கள் தனியாருடையவை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே பழம் பறிக்கும் வேலை நடக்கும். தோட்டக்காரரிடம் கேட்டு, மருந்து தெளித்த நாட்களைத் தவிர்த்து, அவர் காட்டும் இடத்தில் மட்டுமே பொறுக்க வேண்டும். சேர்வராயன் மலைத் தோட்டங்களுக்குள் காட்டெருமைகள் வந்து மேய்வதுண்டு. தொலைவில் ஒன்றைக் கண்டாலும் படம் எடுக்க முனையாமல், பிள்ளைகளை அமைதியாக வண்டிக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும். சாலையோரங்களில் குரங்குகள் இருப்பதால் தின்பண்டப் பையைக் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டாம். பெரிய மரக்கிளையிலோ பாறையிலோ மலைத்தேனீக் கூடு தொங்கினால் அந்த மரத்தடியே வேண்டாம்.

மாசி, பங்குனியில் சேலத்து வெயில் முற்பகலிலேயே கடுமையாகிவிடும் என்பதால், காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் பொறுக்குவதை முடித்துவிடலாம். மூடிய காலணியும் முழுக்கால் சட்டையும் கட்டாயம். பெரியவர் முன்னால் சென்று நீண்ட கோலால் சருகைத் தட்டிக் கிளறிய பிறகே பிள்ளைகள் குனிய வேண்டும். மேலாகத் தெரியும் இலையை மட்டும் எடுக்கலாம். குவியலுக்குள்ளோ கல்லிடுக்கிலோ மரப்பொந்திலோ கையை நுழைக்கக் கூடாது. குவித்த சருகில் பிள்ளைகள் குதித்து விளையாடும் காட்சி படப்புத்தகங்களில் வரும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் நாகமும் தேளும் வாழும் மண்ணில் அந்த விளையாட்டுக்கு இடமே இல்லை.

பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கயிறு கட்டுவது ஆகிய மூன்றும் கூடாது. கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வைத்து, வளையல், கொலுசு, அரைஞாண் போன்ற இறுக்கமானவற்றைக் கழற்றி, 108 எண்ணுக்கு அழைத்து, நச்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேரே செல்ல வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாம்பை அடித்து எடுத்துப் போக முயல்வதால் நேரம் வீணாவதோடு இன்னொருவரும் கடிபட நேரலாம்.

தொடக் கூடாதவற்றை முதலில் அறிமுகம் செய்யுங்கள்

கத்தரியும் பசையும் கைக்கு வருவதற்கு முன்பே, கீழ்க்காணும் விதைகளையும் காய்களையும் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இதற்கென ஒரு முழு வகுப்பைச் செலவிட்டாலும் தகும்.

குன்றிமணி இவற்றுள் முதன்மையானது. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் பழக்கத்தால் அதை நாம் தீங்கற்றதென்று எண்ணிவிடுகிறோம். கெட்டியான தோல் உடையாத வரை அதன் நஞ்சு பெரும்பாலும் உள்ளேயே அடங்கியிருக்கும். மென்றாலோ, ஊசியால் துளைத்து மணியாகக் கோத்தாலோ அந்தக் காப்பு போய்விடுகிறது. ஆகவே குன்றிமணி மாலை எந்த வயதுப் பிள்ளைக்கும் உரிய கைவேலை அன்று. ஆமணக்கு விதையின் வரிக்கோலம் பிள்ளைகளின் கண்ணை இழுக்கும். அதுவும் கொடிய நஞ்சே. வேலியோரக் காட்டாமணக்குக் கொட்டையை நிலக்கடலை போலத் தின்றுவிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் தமிழ்நாட்டில் குறைவில்லை. மஞ்சள் அரளிக் கொட்டை இதயத் துடிப்பையே குலைக்கும். ஊமத்தங்காயையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் எதையேனும் குழந்தை வாயில் போட்டது தெரிந்தால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், வாயில் மிஞ்சியதைத் துடைத்தெடுத்து, அந்த விதையின் மாதிரியையும் கையோடு கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தோலைத் தாக்குபவை வேறு. பூனைக்காலிக் காய் முற்றிக் காய்வதும் இதே பருவத்தில்தான். பொன்னிற வெல்வெட்டுத் துணி போலத் தோன்றும் அதன் சுணை காற்றில் பறந்து பட்டாலே அரிப்புத் தாங்காது. தேய்த்தால் சுணை இன்னும் ஆழமாக இறங்கும். ஒட்டும் டேப்பை ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சேங்கொட்டையின் கருஞ்சாறு கொப்புளம் உண்டாக்கும். ஏற்காட்டில் காப்பிச் செடிகளுக்கு நிழலாக எங்கும் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் இலைகூடச் சிலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தருவதால், அதைக் கையாண்ட பிறகு கை கழுவும் பழக்கத்தைக் கட்டாயமாக்கலாம். சாலையோரப் பார்த்தீனியச் செடியைப் பற்றியும் சொல்லி வைக்கவும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் இடத்தில் எந்த விதையும் வேண்டாம். மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து ஒருபுறம் இருக்க, மூக்கிலும் காதிலும் போட்டுக்கொண்ட விதை ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும். அதை வீட்டில் ஊக்கு வைத்து நெம்பாமல் மருத்துவரிடம் விட வேண்டும்.

இலையைப் பாடம் செய்தல்

தொடக்கத்துக்கு நாட்டு வாதாம் இலையே மிக உகந்தது. உதிரும் முன் அது மஞ்சளாகவும் செம்பாகவும் குருதிச் சிவப்பாகவும் மாறுவதால், இலையில் நடப்பதை விளக்க வேறு படம் தேவைப்படாது. இலையைக் கழிக்கத் தயாராகும் மரம், பச்சையத்தைச் சிதைத்து அதிலுள்ள தழைச்சத்தைக் கிளைக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை மறைந்ததும் முன்பே அங்கே இருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் கடைசி நாட்களில் புதிதாக உருவாவது. காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்குச் செல்கள் தளர்ந்து பிரிய, கிளைப்பக்கம் தக்கை போன்ற மூடி உண்டாகிறது. உதிர்ந்த இடத்துத் தழும்பைக் கிளையில் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நீர் பற்றாக்குறையான மாதங்களில் இலை வழியாக ஈரம் வெளியேறாதபடி மரம் தன்னைத்தானே அடைத்துக்கொள்வதை ஏழு வயதுப் பிள்ளை இதிலேயே புரிந்துகொள்ளும்.

பொறுக்கிய இலையை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் சற்று உலர்த்தி, பழைய செய்தித்தாள்களுக்கு இடையே ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்க வேண்டும். முதல் மூன்று நாட்கள் தாளை நாள்தோறும் மாற்றினால் பூசணம் பிடிக்காது. சேலத்தில் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். மூடுபனி இறங்கும் ஏற்காட்டில் கூடுதலாகச் சில நாட்கள் ஆகும். ஒட்டுவதற்கு மைதாவைக் காய்ச்சிய பசை போதும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கத்தைப் பிள்ளைகளின் வேலையில் பின்பற்றவே கூடாது, அது நஞ்சு. பார்ப்பதற்கு மிட்டாய் போலிருக்கும் அந்துருண்டையையும் ஆல்பத்துக்குள் வைக்க வேண்டாம். காய்ந்த வேப்பிலையும் கிராம்பும் அந்த வேலையைச் செய்யும். ஒவ்வொரு தாளிலும் மரத்தின் பெயர், எடுத்த இடம், தேதி ஆகிய மூன்றையும் பிள்ளை தன் கையெழுத்தில் எழுத வேண்டும். அந்த மூன்றும் இல்லாத இலைத்தாள் அலங்காரமாக மட்டுமே எஞ்சும்.

தையல் இலையும் நரம்பு இலையும்

விருந்துகளில் தையல் இலையில் உண்டு பழகிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. புரசு, ஆல், மந்தாரை இலைகளை ஈர்க்குச்சியால் தைக்கும் அந்தக் கைப்பழக்கத்தைப் பாட்டியோ தாத்தாவோ சொல்லித் தந்தால், இந்தப் பருவத்தில் அதைவிடச் சிறந்த கைவேலை வேறில்லை. நொறுங்கும் அளவுக்குக் காய்ந்த இலை தைக்க வராது. அன்று உதிர்ந்த வாதாம் இலையை அரை மணி நேரம் நீரில் நனைத்து வைத்தால் வளைந்து கொடுக்கும். நடுவில் ஓர் இலையை வைத்து, சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறுமாறு அடுக்கி, ஈர்க்குச்சியை உள்ளே குத்தி வெளியே எடுத்து ஒடித்துவிட வேண்டும். ஈர்க்கின் முனை கண்ணுக்கு ஆபத்தானது என்பதால் விரல்நீளத் துண்டுகளாக ஒடித்து எண்ணிக் கொடுத்து, வேலை முடிந்ததும் எண்ணியே திரும்ப வாங்கவும். தெருவில் பொறுக்கிய இலையில் தைத்ததைச் சுவரில் மாட்டலாம். அதில் உணவு பரிமாற வேண்டாம்.

அரச இலையை நரம்பு மட்டும் எஞ்சுமாறு செய்வதற்குப் பொறுமை வேண்டும். வாளி நீரில் மூன்று, நான்கு வாரம் ஊறவிட்டால் சதைப்பகுதி அழுகி இளகும். பிறகு தட்டையான தட்டில் வைத்து, பழைய மென்மையான பல்துலக்கியால் ஒத்தியொத்தி எடுத்தால் வலைபோன்ற நரம்பு நிற்கும். விரைவில் முடிக்க விரும்பிக் காரச் சோடாவில் கொதிக்க வைக்கும் முறை பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு ஏற்றதன்று. ஊறும் வாளி டெங்குக் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடக் கூடாது: வாயைத் துணியால் இறுகக் கட்டி, நான்கு நாளுக்கொரு முறை நீரை மண்ணில் கொட்டி மாற்றவும். வாளியில் நீர் இருக்கும் வரை, தவழும் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் அது இருக்க வேண்டும்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இவை இரண்டும் கடினம். இலையின் பின்புறத்தை மேலாக வைத்து, மேலே தாளை விரித்து, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கையாக வைத்துத் தேய்க்கச் சொன்னால் நரம்புகள் தாளில் எழும்.

விதைகளும் மலைப்பாதையும்

வேங்கைக் காய் வட்டத் தகடு போன்றது, மகாகனி விதைக்கு ஒற்றைச் சிறகு, இலவம் விதைக்குப் பஞ்சு. மூன்றையும் வீட்டு மாடிப்படியின் ஒரே உயரத்திலிருந்து விட்டு, தரையைத் தொட எடுக்கும் நேரத்தைக் கைபேசியில் அளக்கலாம். மொட்டை மாடி விளிம்புக்குப் போகக் கூடாது. மகாகனி விதையின் சிறகைப் பாதி வெட்டிவிட்டு மீண்டும் விட்டுப் பார்த்தால், சிறகின் பயனைப் பிள்ளை தானே சொல்லும். மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு இலவம் பஞ்சு வேண்டாம்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரிலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரிலும் உள்ளன. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை பாகை வீதம் கணக்கிட்டால் எட்டு பாகை அளவுக்கு வெப்பம் குறையும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறுகையில், கீழே மொட்டையாக நிற்கும் காடு மேலே போகப் போக எந்த வளைவுக்குப் பின் பசுமையாகிறது என்று பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். கையும் தலையும் சன்னலுக்கு உள்ளேயே இருக்கட்டும். முருக்க மரம் இலையின்றிச் செம்பூவோடு நின்றால், அதில் வந்தமரும் பறவைகளின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். மேலே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது; அங்கே எதையும் பறிக்காமலும் பொறுக்காமலும் பார்த்து வரைவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்து மிஞ்சிய சருகைக் கொளுத்த வேண்டாம். இந்த மாதங்களில் ஒரு தீப்பொறி மலைச்சரிவு முழுவதையும் எரித்துவிடும்; புகையோ சிறுபிள்ளைகளின் நுரையீரலுக்குக் கேடு. தோட்டத்து மூலையில் ஒரு மூடிய தொட்டியில் மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு காய்கறிக் கழிவு எனப் போட்டு, சிறிது சாணக் கரைசல் தெளித்து, ஈரம் வற்றாமல் பதினைந்து நாளுக்கொரு முறை கிளறி வந்தால் சில மாதங்களில் மட்கும். கிளறும் கோலைப் பெரியவரே பிடிக்க வேண்டும், ஏனெனில் அதற்குள் மரவட்டையோடு பூரானும் குடியேறியிருக்கும்: உடல் வளையம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இணைக் கால்கள் இருப்பது மரவட்டை, ஓரிணை மட்டும் இருப்பது கடிக்கும் பூரான்.