நிறம் கடைசியில் வரட்டும்

இணையதள வடிவமைப்பில் இறங்கியிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. புதிய வேலை வந்ததும் நிறத்தையும் எழுத்துருவையும் தேடி ஓடாதீர்கள். பக்கத்தில் வரப்போகும் உண்மையான வாசகங்களை வாடிக்கையாளரிடம் முதலில் கேட்டு வாங்கி, பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் மட்டும் தலைப்பு, பத்தி, பொத்தான் என அடுக்கிப் பாருங்கள். அலங்காரம் எதுவும் இல்லாத அந்த நிலையிலேயே பக்கம் புரிய வேண்டும். மாதிரி எழுத்துகளை நிரப்பி நான் வடிவமைத்த ஒரு தளத்தில், 'தொடர்புகொள்ளுங்கள்' என்ற ஒரே சொல் பொத்தானின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. முழு மெனுவையும் மறுபடி கட்ட நேர்ந்தது.

அடுத்து, திரையை, சிறிய கைபேசியின் அளவான 320 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிகிறதா?

பிறகு மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். டேப் விசையை அழுத்தும்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கை நடுக்கம் உள்ள பலர் உங்கள் பக்கத்துக்குள் நுழையும் வழி அதுதான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

நிறத்துக்கு வருவோம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 விகிதத்தில் வேண்டும் என்கிறது சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டி. வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் தேறாது, அதைவிட அடர்ந்த #767676 தேறிவிடும்.