ஆலிவ் பச்சையும் பொம்மைத் துப்பாக்கியும்: பழைய இராணுவ ஜீப் மீட்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூர் ஏரியை ஒட்டி, இராணுவத்தின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படை மையம் இருக்கிறது. அந்தப் படையின் வீரர்களை இன்றும் 'தம்பி' என்றே அழைக்கிறார்கள். சுற்றியுள்ள தெருக்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரவேற்பறையில், தாத்தாவோ பெரியப்பாவோ ஜீப்பின் மேல் ஒரு கையை ஊன்றி நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் தொங்கும். எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. நான்கு ஆண்டுகள் உழைத்து ஒரு ஜீப்பை மீட்டெடுக்க என்னைத் தூண்டியது அந்தப் படம்தான். பிறகு, இதே ஆசை கொண்ட பலர் தங்கள் வண்டியைப் பார்த்துச் சொல்லும்படி கேட்கத் தொடங்கினார்கள். வருத்தம் என்னவென்றால், பெரும்பாலோர் பணத்தைக் கொடுத்த பிறகுதான் கேட்கிறார்கள்.

முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. "1942 ஃபோர்டு, போரில் ஓடிய வண்டி" என்று சொல்லி விற்கப்படும் ஜீப்புகளில் கணிசமானவை மஹிந்திரா தயாரித்த சி.ஜே.3பி. வகை. அந்த வண்டியின் எஞ்சின் உயரமானது. அதனால் பானெட்டும் உயர்ந்து நிற்கும். பானெட்டையும் முன்கிரில்லையும் வெட்டிக் குறுக்கி, 'லோ பானெட்' ஆக்கி, போர்க்கால வண்டி போலக் காட்டுவது நம் பட்டறைகளில் பழகிய கைவேலை. சி.ஜே.3பி. மதிப்புக் குறைந்த வண்டி அல்ல. நம் படைகள் உண்மையில் ஓட்டிய வண்டி அதுதான். அதை வெட்டி வேறொன்றாகக் காட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடையாளம் காண்பது கடினமல்ல. 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேல் உருவான வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தகட்டில் அழுத்திச் செய்த கிரில்லில் ஒன்பது துளைகள். பின்னால் வந்த சி.ஜே. வண்டிகளுக்கு ஏழு. போர்க்கால ஜீப்புக்குப் பின்கதவு கிடையாது. பெட்ரோல் ஊற்றும் மூடி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும். முகப்பு விளக்குகள் கிரில்லுக்குப் பின்னால் உள்ளடங்கி இருக்கும். ஒரு திருகைத் தளர்த்தி அவற்றைப் பின்னோக்கித் திருப்பினால் எஞ்சினுக்கே வெளிச்சம் கிடைக்கும். வில்லிஸா ஃபோர்டா என்று அறிய, ரேடியேட்டருக்குக் கீழே சட்டத்தின் முன் குறுக்குக் கம்பியைத் தடவிப் பாருங்கள். குழாயாக உருண்டிருந்தால் வில்லிஸ், கவிழ்த்த லாட வடிவில் தட்டையாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டின் போல்ட் தலைகளில் 'எஃப்' எழுத்து பொறித்திருக்கும்.

அடுத்தது காகிதம். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை 1969 முதல் 1999 வரை தயாரித்த ஜோங்காவை இங்கே பலர் விரும்பி வாங்குகிறார்கள். நிஸான் வடிவமைப்பு, ஆறு சிலிண்டர், ஏறத்தாழ நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அதன் பெட்ரோல் பசிக்கு அஞ்சி டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்தியவர்கள் ஏராளம். ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்றும் பானெட்டுக்கு அடியில் டீசல் என்றும் இருந்தால், அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் குலையாத வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட தனி எண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அதைச் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்ல முடியாது. 50 ஆண்டு என்பது முதல் பதிவிலிருந்து கணக்காகிறது. படையிலிருந்து ஏலத்தில் வெளிவந்த வண்டிக்குக் குடிமைப் பதிவு பல ஆண்டுகள் தாமதமாக நடந்திருக்கும். ஆகவே ஏலக் கடிதம், விடுவிப்புச் சீட்டு ஆகியவற்றின் அசல்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வண்ணத்தில் பலர் அறியாமலே சட்டத்தை மீறிவிடுகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் விதி 121, பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமல்லாத எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது என்கிறது. அமெரிக்கப் படையின் பச்சை சற்றுப் பழுப்பு கலந்தது, நம் படையின் பச்சை வேறு என்று சாலையில் நிறுத்தும் காவலரிடம் வாதாடுவதில் பயனில்லை. வரலாற்றுக்கும் பொருந்தி விதிக்கும் பொருந்தும் வண்ணங்கள் இருக்கின்றன. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடிய வண்டிகளின் மணல் நிறம் ஒன்று. அமெரிக்கக் கடற்படை ஜீப்புகளின் சாம்பல் நிறம் இன்னொன்று. மேல்நோக்கிய அம்புக்குறியுடன் படை எண்ணை எழுதி மாட்டுவதை அறவே விட்டுவிடுங்கள். அந்த அம்பு இன்று பணியில் இருப்பவர்களுக்கு உரியது.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். மிகுந்த ஆசையும் மிகக் குறைந்த கவனமும் சேரும் இடம் இது.

காலம் பொருந்தாமல் மாட்டுவது பரவலான பிழை. ஆர்.சி.எல். எனப்படும் பின்னுதைப்பில்லாப் பீரங்கியின் போலியை 1943 வில்லிஸில் ஏற்றி வைத்திருந்த ஒருவரிடம் நான் நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது. எம்.40 என்னும் அந்த 106 மில்லிமீட்டர் ஆர்.சி.எல். 1950களில்தான் வந்தது. அதன் உண்மையான குழல் அளவு 105 மில்லிமீட்டர். முந்தைய வகையின் குண்டுகளோடு குழப்பம் வரக் கூடாது என்றுதான் 106 என்று பெயர் வைத்தார்கள். வெடிவாயுவின் ஒரு பகுதியைப் பின்புறமாக வெளியேற்றி உதைப்பை ஈடுகட்டுவது அதன் இயக்கம். சிறிய ஜீப் அதைத் தாங்கியது அதனால்தான். குழலுக்கு நேர் பின்னால் ஆள் நிற்க முடியாததும் அதனால்தான். கண்காட்சியில் பின்முனைக்கு அருகே இருக்கை போட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரில், பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், அசல் உத்தர் என்னும் ஊரில் நடந்த சண்டையில், ஜீப்பில் ஏற்றிய ஆர்.சி.எல்.லைக் கொண்டு பாட்டன் டாங்குகளை அழித்து உயிர்நீத்த அப்துல் ஹமீது பரம்வீர் சக்கரம் பெற்றார். அந்தப் பீரங்கியைத் தப்பான ஜீப்பில் ஏற்றுவது எனக்குச் சிறு பிழையாகத் தெரியவில்லை.

மணல் நிற வண்டிக்கு உரியது விக்கர்ஸ் கே. முதலில் விமானங்களுக்கென உருவான துப்பாக்கி அது. விமானங்களில் தேவை குறைந்தபோது பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படை அதை இரட்டை இரட்டையாக ஜீப்பில் பொருத்தியது. 1942 ஜூலையில் எகிப்தின் சிடி ஹனேஷ் விமானத்தளத்துக்குள் அப்படிப்பட்ட 18 ஜீப்புகள் புகுந்தன. விக்கர்ஸ் கே.யின் முன்னோடியான விக்கர்ஸ் பெர்த்தியே துப்பாக்கி நம் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. பாலைவன வண்டியைச் செய்பவர்கள் துப்பாக்கியை மாட்டிவிட்டு கிரில்லை மறந்துவிடுவார்கள். காற்று தாராளமாக நுழையட்டும் என்று எஸ்.ஏ.எஸ். வீரர்கள் கிரில் பட்டைகளை அறுத்தெடுத்தார்கள். ரேடியேட்டர் நீராவியைத் திரும்பப் பிடிக்க முன்னால் ஒரு தண்ணீர்க் கலன் வைத்தார்கள். இவை இரண்டும் இல்லாமல் இரட்டைத் துப்பாக்கி மட்டும் நின்றால் அது எஸ்.ஏ.எஸ். வண்டி ஆகாது.

காலப் பிழை வரலாற்றைத்தான் கெடுக்கும். அடுத்த தவறு ஆளையே சிறைக்கு அனுப்பும். சிவாஜிநகர் குஜ்ரியிலோ வேறு பழைய இரும்புக் கடையிலோ "அசல் பாகம்" என்று எதுவும் வாங்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி என்னும் சொல் அதன் பாகங்களையும் உள்ளடக்கியது. பீரங்கியைப் பொருத்தவும் கொண்டுசெல்லவும் உதவும் தாங்கிகளும் மேடைகளும்கூட அந்த வரையறைக்குள் வருகின்றன. விசையை அழுத்தியபடி இருக்கும்வரை தொடர்ந்து சுடும் துப்பாக்கியும், டாங்கு எதிர்ப்புப் பீரங்கியும் தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள். "துருப்பிடித்துச் செயலற்றது, பழம்பொருள்" என்ற வாதமும் எளிதில் நிற்காது. பழம்பொருளுக்கான விலக்கு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத ஆயுதத்துக்கு மட்டும்தான். வெற்றுத் தோட்டா, பழைய குண்டு எதையும் அலங்காரத்துக்காகச் சேர்க்காதீர்கள். வெறும் கூடு என்று விற்கப்படுவதற்குள் வெடிமருந்து மிஞ்சியிருக்கலாம்.

ஆகவே வண்டியில் நிற்பது வெறும் உருவமாக இருக்க வேண்டும். மரம், ஃபைபர், பி.வி.சி. குழாய் போதும். லேத் பட்டறையில் இரும்புத் தண்டைத் துளைத்துக் குழல் செய்யச் சொல்வதும், விசை அசைய வேண்டும் என்று கேட்பதும் தேவையற்ற ஆபத்து. நல்ல தச்சரிடம் கொடுத்த மரத் துப்பாக்கிக்குக் கிராஃபைட் தூள் தேய்த்தால் இரண்டடி தள்ளி நிற்பவருக்கு இரும்பாகவே தெரியும். எடையிலும் அதுவே நல்லது. அசல் பிரௌனிங் எம்.2 இயந்திரத் துப்பாக்கி மட்டும் 38 கிலோ. அசல் தாங்கிக்குச் சாய்வுக் கம்பிகள் இருந்தன. பெயிண்டிங்குக்கு முந்தைய நாள் தரைத் தகட்டில் ஒற்றைக் குழாயை வெல்டிங் செய்து நிறுத்தினால், ஓசூர் வரை போய்த் திரும்புவதற்குள் தகடு கிழிந்துவிடும். நிகழ்ச்சிக்குப் போகும்போது உருவத்தைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்; அமைப்பாளர்கள் மூலம் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, இடத்தில் போய் மாட்டுங்கள். பொம்மை என்று நமக்குத் தெரியும். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் பஸ் பயணிக்குத் தெரியாது.

பட்டறைத் தவறுகளில் உயிரோடு விளையாடுவது ஒன்று உண்டு. போர்க்கால ஜீப்பின் சக்கர வளையம் இரண்டு துண்டுகளைப் போல்ட் போட்டு இணைத்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைத் தளர்த்தினால் வளையம் குண்டு போலப் பிரிந்து பாயும். ஒரு டயர் கடையில் ஒரு பையன் ஸ்பேனரை அந்த நட்டில் வைத்ததைக் கண்டு நான் ஓடிச் சென்று கையைப் பிடித்தேன். முதலில் வால்வைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள், பிறகுதான் ஸ்பேனர். சக்கரத்தைக் கழற்றும்போது இன்னொன்று: இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு மரை எதிர்த்திசையில் ஓடும். இது தெரியாமல் நீளமான குழாயை மாட்டி இழுத்து மரைத்தண்டை முறித்தவர்கள் பலர்.

மின்சாரம் 6 வோல்ட். பாதி வோல்ட்டுக்கு இரட்டிப்பு மின்னோட்டம் வேண்டும், ஆகவே கம்பி தடிமனாக இருக்க வேண்டும். ஜே.சி. சாலையில் எளிதாகக் கிடைக்கிறது என்று இன்றைய கார்களின் மெல்லிய கம்பியைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் சோர்வாகச் சுற்றுகிறது என்று பேட்டரியைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். மாதக் கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டாங்கைக் காலி செய்துவிடுங்கள்.

என் ஜீப்பில் துப்பாக்கி இல்லை. வீட்டுப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது உயர்ந்த பானெட் தெரிந்தது, ஏழு துளைகள் தெரிந்தன. பெரியப்பா ஓட்டியதும் சி.ஜே.3பி.தான். பின்னால் தாங்கி எதுவும் இல்லை. பாலம் கட்டுபவர்களின் வண்டி அது. பக்கவாட்டில் ஒரு மண்வெட்டியும் கோடரியும் தோல்வாரில் கட்டியிருந்தன. அவற்றைப் போலவே இரண்டைத் தேடி வாங்கினேன். வாரின் கொக்கி மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. பிடியைத் தாங்கும் வளையம் படத்தில் அவருடைய முழங்கைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.