குடியரசுத் தலைவர் தேர்தல் ஓட்டுக் கணக்கு: நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி?

2022 ஜூலை 21 இரவு எல்லாச் செய்திகளிலும் ஓடிய எண்கள் இவை: திரௌபதி முர்மு 6,76,803, யஷ்வந்த் சின்கா 3,80,177. ஆனால் அந்தத் தேர்தலில் ஓட்டுரிமை இருந்தவர்கள் மொத்தமே 4,809 பேர். ஐயாயிரம் பேர்கூட இல்லாத இடத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் ஓட்டு எப்படி வந்தது?

இந்தத் தேர்தலில் ஆளை எண்ணுவதில்லை, ஆளுக்கு ஆள் வேறுபடும் ஓட்டு மதிப்பைக் கூட்டுகிறார்கள். அது பிடிபட்டால் மற்றதெல்லாம் பள்ளிக்கூட வகுத்தல் கணக்குதான். ஒரு காகிதமும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: ஓட்டுப் போடுவது யார்?

மக்களவை, மாநிலங்களவையின் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்கள், மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்கள், கூடவே டெல்லி, புதுச்சேரி எம்.எல்.ஏ.க்கள். அவ்வளவுதான் பட்டியல். 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்களுக்கு இதில் ஓட்டு இல்லை. மேலவை இருக்கும் மாநிலங்களில் எம்.எல்.சி.க்களுக்கும் இல்லை.

படி 2: எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு

மாநிலத்தின் மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்படும் எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுங்கள். வந்ததை 1,000-ஆல் வகுங்கள். மீதி 500 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்று கூட்டுங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். மக்கள்தொகை 4,11,99,168. இதை 234-ஆல் வகுத்தால் சுமார் 1,76,065. ஆயிரத்தால் வகுத்தால் 176, மீதி 65. மீதி 500-க்குக் கீழே இருப்பதால் விட்டுவிடலாம். ஆக, நம் எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. எல்லோருக்கும் சேர்த்து 176 × 234 = 41,184.

சிக்கிமுக்கு? மக்கள்தொகை 2,09,843, எம்.எல்.ஏ.க்கள் 32. வகுத்தால் 6,557. ஆயிரத்தால் வகுக்க 6, மீதி 557. இங்கே ஒன்று கூடுகிறது, அதனால் 7. உத்தரப் பிரதேசத்தில் இதே கணக்கு 208 என்று வரும்.

இங்கே ஒரு நிமிடம். தமிழ்நாட்டின் மக்கள்தொகை நாலு கோடிதானா என்று உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இது 1971 கணக்கெடுப்பு எண். இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 1976-ல் அரசியலமைப்புச் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் அதை உறையவைத்தது. 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை தொடரட்டும் என்று 84-ஆவது திருத்தம் நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதற்காகவே செல்வாக்கை இழக்கக் கூடாது என்பதுதான் காரணம். இதன் அருமை தெரிய, 2011 எண்களை வைத்து நான் போட்டுப் பார்த்தேன்: தமிழ்நாடு 308, உத்தரப் பிரதேசம் 496. இப்போது 176-க்கு 208 என்று ஓரளவு அருகருகே இருப்பது அப்போது ஒன்றுக்கு ஒன்றரைக்கும் மேல் ஆகிவிடுகிறது. தொகுதி மறுவரையறை பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

படி 3: எம்.பி. ஓட்டின் மதிப்பு

இது எளிது. நாட்டின் எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை, தேர்ந்தெடுக்கப்படும் எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2022-ல் 5,43,231-ஐ 776-ஆல் (543 + 233) வகுத்தார்கள். விடை 700. தமிழ்நாட்டு எம்.பி.யானாலும் சிக்கிம் எம்.பி.யானாலும் அதே 700தான்.

2017-ல் இது 708 ஆக இருந்தது. எட்டு எங்கே போனது? 2022-ல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லை. அங்கிருந்து வர வேண்டிய 87 எம்.எல்.ஏ.க்களின் தலா 72, அதாவது 6,264, கூட்டுத்தொகையில் விழவில்லை. அதனால் எம்.பி.க்களின் மதிப்பும் இறங்கியது. மாநிலங்களின் பங்கும் நாடாளுமன்றத்தின் பங்கும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வகுத்தல்.

படி 4: ஓட்டுச் சீட்டு

எம்.பி.க்களுக்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு. மின்னணு இயந்திரம் கிடையாது. பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும், அதுவும் தேர்தல் ஆணையம் கொடுக்கும் பேனாவால் மட்டுமே. 1 எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு செல்லாது. 2, 3 எழுதுவது அவரவர் விருப்பம். எண்ணை எந்த இந்திய மொழியின் எண் வடிவத்திலும் எழுதலாம். அதாவது நம் ஊர் எம்.எல்.ஏ. ஒருவர் '௧' என்று தமிழ் எண் போட்டாலும் சரி. ஆனால் 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினால் போச்சு! 2022-ல் எப்படியோ 53 சீட்டுகள் செல்லாமல் போயின. சட்டம் இயற்றுகிறவர்களின் சீட்டுகள்தான் அவை.

ரகசிய ஓட்டு என்பதால், இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்று கட்சி பிறப்பிக்கும் கொறடா உத்தரவுக்கு இங்கே இடமில்லை. இதைப் படி 6-க்காக நினைவில் வைத்திருங்கள். அப்புறம் ஒரு சின்னத் தகவல்: மாநிலங்களிலிருந்து டெல்லிக்குப் போகும் ஓட்டுப் பெட்டிக்கு 'மிஸ்டர் பேலட் பாக்ஸ்' என்ற பெயரில் தனி விமான டிக்கெட் எடுத்து, இருக்கையில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

படி 5: ஜெயிக்க எவ்வளவு வேண்டும்?

செல்லுபடியான ஓட்டுகளின் மொத்த மதிப்பில் பாதி, அதோடு ஒன்று. 2022-ல் செல்லுபடியானது 10,56,980. பாதி 5,28,490. ஒன்று கூட்டினால் 5,28,491. முர்மு முதல் விருப்ப ஓட்டிலேயே இதைத் தாண்டிவிட்டார். அவருக்கு விழுந்த சீட்டுகள் 2,824. ஆளைக் கணக்கிட்டால் 60 சதவீதம், மதிப்பைக் கணக்கிட்டால் 64.

படி 6: யாருமே தாண்டாவிட்டால்?

கடைசி இடத்தில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கோ அவருக்கு அதே மதிப்போடு மாற்றுவார்கள். அடுத்த விருப்பம் எழுதாத சீட்டு ஒதுக்கிவைக்கப்படும். யாராவது தாண்டும்வரை, அல்லது ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை இது தொடரும்.

இது நிஜமாகவே தேவைப்பட்டது 1969-ல். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. சுயேச்சையாக நின்றவர் வி.வி. கிரி. கொறடா உத்தரவுதான் கிடையாதே; மனசாட்சிப்படி ஓட்டளியுங்கள் என்று சொல்லிவிட்டார் அதே காங்கிரஸைச் சேர்ந்த பிரதமர் இந்திரா காந்தி. தேவையான மதிப்பு 4,18,169. முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, இன்னொரு வேட்பாளர் சி.டி. தேஷ்முக் 1,12,769. யாரும் தாண்டவில்லை.

பின்னால் இருந்தவர்களை வரிசையாக நீக்கிச் சீட்டுகளை மாற்றினார்கள். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கழித்துப் பாருங்கள்: இடையில் கிரிக்குக் கூடியது 18,562, ரெட்டிக்கோ 91,879. இரண்டாம் விருப்பம் பெரும்பாலும் ரெட்டி பக்கம்தான் போயிருக்கிறது, ஆனாலும் போதவில்லை. கடைசி வித்தியாசம் 14,650. அன்றைக்கு எம்.பி. ஓட்டின் மதிப்பு 576. கிரி பக்கம் நின்ற 13 எம்.பி.க்கள் மட்டும் ரெட்டிக்குப் போட்டிருந்தால் கிரி 4,12,589, ரெட்டி 4,12,915.

அதே ரெட்டி 1977-ல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார். அந்த முறை கூட்ட, கழிக்க ஒரு சீட்டுகூட இல்லை.