பனிக்காலத்தில் கோனிஸ்டன் மலை: நாங்கள் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்

"ஊட்டியே 2,240 மீட்டர்டா. இது வெறும் 803" என்றான் நண்பன். நானும் தலையாட்டினேன். முதல் தவறு அதுதான். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள 'ஓல்டு மேன் ஆஃப் கோனிஸ்டன்' உச்சிக்கு பஸ் கிடையாது. ஊரிலிருந்து கிட்டத்தட்ட 750 மீட்டர் ஏற்றம் முழுக்க நம் காலால்தான். கீழே தூறல் போட்டால் மேலே பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது நேரம். டிசம்பர் கடைசியில் அங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். நாங்கள் நடக்கத் தொடங்கியதோ பதினொன்றரைக்கு! மலையில் நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892-இல் போட்ட கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். பத்து கிலோமீட்டர் போய்வர அதன்படியே மூன்றேகால் மணி நேரம் ஆகும். பனியில் கால் புதைவதும், டீ குடிக்க உட்காருவதும் அதில் சேர்த்தியில்லை. எட்டரைக்கு விடிகிறது, ஒன்பதுக்குக் கிளம்பிவிடுங்கள்.

பெரிய ஆபத்து உச்சியில் இல்லை, வழியில்தான் இருக்கிறது. முதலாம் எலிசபெத் காலத்தில், 1599 வாக்கில், ஜெர்மன் தொழிலாளர்களை வைத்து இங்கே செம்பு தோண்ட ஆரம்பித்தார்கள். லெவர்ஸ் வாட்டர் ஏரிப் பக்கம் அந்தப் பழைய குழிகளைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். பனி மூடினால் வேலி முழங்கால் உயரம்கூடத் தெரியாது. குழியின் விளிம்பில் பனி கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். போட்டோவுக்காக அதன்மேல் கால் வைத்தால் அவ்வளவுதான்.

மலைச்சரிவில் குகை மாதிரி திறந்திருக்கும் சுரங்க வாய் இன்னும் மோசம். "பத்தடிதான் மச்சான், ஒரு செல்ஃபி" என்று நண்பன் உள்ளே போய்விட்டான். தரை சமமாகத்தான் இருந்தது, கணுக்கால் அளவு தண்ணீர். ஆனால் அடியில் இருப்பது பாறைதான் என்று யார் சொன்னது? அந்தக் காலத்தில் தோண்டிய பள்ளத்தின்மேல் மரக்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் கல்லைக் கொட்டித் தளம் போட்டிருப்பார்கள். கட்டை நூறு வருஷமாக ஊறி உளுத்துப் போயிருக்கும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தால் வாசனையும் வராது, மயக்கம்தான் வரும். ஆழம் பார்க்கக் குழிக்குள் கல் போடுவதும் வேண்டாம். சுரங்கம் பார்க்கவென்றே கயிறு கட்டி இறங்கும் ஆட்கள் கீழே இருக்கலாம்.

உச்சிக்குப் போகும் பாதை ஸ்லேட் என்ற பலகைக்கல் வெட்டிய பழைய குவாரி வழியாகப் போகிறது. துருப்பிடித்த இரும்புக் கயிறுகள் தரையில் கிடக்கும். ஐஸ் படிந்த ஸ்லேட்டும் அந்தக் கயிறும் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். பூட்ஸில் மாட்டும் முள் பட்டையைப் பையில் வைத்துக்கொண்டே நான் இரண்டு முறை விழுந்தேன். வழுக்க ஆரம்பிக்கும் முன்பே மாட்டிவிட வேண்டும்.

குளிரில் போன் 40 சதவீதத்திலிருந்து சட்டென்று அணைந்துவிடும். உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். ஆபத்து என்றால் 999-ஐ அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேளுங்கள். சிக்னல் இல்லையா, நிமிடத்துக்கு ஆறு விசில்.

டார்ச் ஆளுக்கொன்று வேண்டும். எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அதை நண்பன் தலையில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினான். பின்னால் வந்த எனக்குக் கிடைத்தது அவன் நிழல்.