நாள் முழுக்க ஆபீஸ், வீட்டில் ஒரு நாய்

காலையில் கிளம்பினால் இரவுதான் வீடு என்ற வேலையில் இருந்துகொண்டு நாய் வளர்க்கலாமா? வளர்க்கலாம். ஆனால் குட்டியாக வாங்காதீர்கள். குட்டி சிறுநீரை அடக்குவது, தோராயமாக ஒரு மாத வயதுக்கு ஒரு மணி நேரம் என்பதுதான் கணக்கு. 3 மாதக் குட்டி என்றால் 3 மணி நேரம். வளர்ந்த நாய் 6 முதல் 8 மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ஆகும் நாட்களில், நடுவே யாராவது வந்து வெளியே கூட்டிப்போக ஏற்பாடு செய்துவிடுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

காலை நடையில்தான் விஷயமே இருக்கிறது. போனைப் பார்த்தபடி இழுத்துக்கொண்டு ஓடாமல், நாயை ஆசைதீர மோப்பம் பிடிக்க விடுங்கள். ஒரே கம்பத்தை 2 நிமிடம் முகர்ந்தாலும் கயிற்றைச் சுண்டாதீர்கள். மூக்குக்கு வேலை கிடைத்த நாய், வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சுருண்டுவிடும். காலைத் தீனியையும் கிண்ணத்தில் கொட்டாமல், பழைய துண்டில் தூவிச் சுருட்டிக் கொடுங்கள். அது மூக்கால் பிரித்துப் பிரித்துத் தின்னும் நேரத்தில் நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிடலாம். (துணியையே விழுங்கும் ரகம் என்றால் இது வேண்டாம்.)

அப்புறம், நீங்கள் இல்லாதபோது நாய் என்ன செய்கிறது என்று ஒரு நாள் பழைய போனில் வீடியோ பதிவு செய்து பாருங்கள். தூங்கினால் சரி. கதவைப் பிராண்டிக்கொண்டு, மூச்சிரைக்க அங்குமிங்கும் நடந்தால் அது குறும்பு அல்ல, பதற்றம். திட்டாமல், அந்த வீடியோவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.