"அது உங்க ரிஜிஸ்டர், சார்": சுகாதாரத் திட்டக் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மாவட்டத்தில், கண்காணிப்பு மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களோடு இரண்டு நாள் இருந்தேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். முதல் நாள் மதியத்துக்குள் பலகையில் 40 குறிகாட்டிகளை, அதாவது திட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்க எண்ணிக்கொண்டே இருக்க வேண்டிய விஷயங்களை, எழுதிவிட்டார்கள், பதினைந்து வருடம் முன்னால் நான் எழுதிய அதே பட்டியல் போலவே இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கூட்டல் பிழை, எக்செல் பிழை எல்லாம் வேலையில் இறங்கினால் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

திட்டத்துக்கென்று தனி ரிஜிஸ்டர் போடுவது

வெளிநாட்டு நிதியில் நடந்த ஒரு தாய்சேய் நலத் திட்டம் அது. நிதி கொடுத்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்ட தகவல்களில் சில, அரசுப் பதிவேட்டில் இல்லை. அரசுப் பதிவேட்டில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்றால் கடிதம், கமிட்டி, மாநில அலுவலகம் என்று எட்டு மாதம் ஆகும். நாமே அச்சடித்தால் இரண்டு வாரம். அச்சடித்துவிடலாம் என்று சொன்னது நான்தான்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே இருக்கும் கிராம சுகாதார செவிலியர் ஏற்கெனவே தாய்மார் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, தம்பதியர் பதிவேடு என்று எழுதிக்கொண்டிருப்பவர். அவர் மேசையில் இன்னொன்றை வைத்தோம். அதிலும் கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் கடுமையானது என்று அரசு எழுதும்போது, எங்கள் படிவம் 10-க்குக் கீழே இருப்பவரை மட்டும் 'ஆபத்து' என்று எண்ணியது. 10.4 உள்ள பெண் ஒரு நோட்டில் ரத்தசோகை, இன்னொரு நோட்டில் நலம். மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் இரண்டு எண்கள் வந்து நின்றன, எது சரி என்று ஒரு மணி நேரம் வாதாடினோம், இரும்புச்சத்து மாத்திரை இருப்பில் இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் நேரமில்லாமல் போனது.

திட்டம் முடிந்து மூன்று வருடம் கழித்து அதே நிலையத்துக்குப் போனேன். எங்கள் ரிஜிஸ்டர் அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது, நாங்கள் கிளம்பிய மாதத்துக்கு அப்புறம் எல்லாம் வெற்றுப் பக்கம். சிஸ்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "அது உங்க ரிஜிஸ்டர், சார். நீங்க போனதும் நிறுத்திட்டோம்." கணினியில் ஏற்றி வைத்திருந்ததும் போய்விட்டது, ஒப்பந்தம் முடிந்ததும் சர்வரை மூடிவிட்டார்கள். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளின் ஆறாம் மாத எடை அதில்தான் இருந்தது. அந்த ஒரு பத்திக்காக எட்டு மாதம் அலைந்திருந்தால் அவர் இன்றும் அதை எழுதிக்கொண்டிருப்பார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை இது. எய்ட்ஸ் பணிக்கு ஒரே செயல்திட்டம், ஒரே ஒருங்கிணைப்பு அமைப்பு, ஒரே கண்காணிப்பு முறை என்று 2004-லேயே உலக அளவில் ஒப்புக்கொண்டார்கள். கேட்ஸ் அறக்கட்டளை 2003-ல் தொடங்கி தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடத்திய அவாஹன் என்ற எச்ஐவி தடுப்புத் திட்டம், 2009-லிருந்து படிப்படியாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. கைமாற்றுவதற்கு முன்பே அரசின் விதிமுறைகளுக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்டார்கள் என்பதைத்தான் அதில் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது என்ன நடந்தது? பல நாடுகள் நம்பியிருந்த, 1984-ல் தொடங்கிய, அமெரிக்க நிதியில் நடந்த டிஎச்எஸ் என்ற மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டமே நின்றுபோனது.

தாய் வீட்டை மறப்பது

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவாள். மாமியார் ஊரில் ஒரு பதிவு, தாய் வீட்டு ஊரில் ஒரு பதிவு. ஒரு வட்டாரத்தில் கர்ப்பிணிகள் கூடிவிட்டார்கள் என்று அறிக்கை எழுதுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். தடுப்பூசி 100 சதவீதத்தைத் தாண்டினாலும் காரணம் பெரும்பாலும் இந்த மாதிரி, யாரைக் கணக்கில் எடுத்தோம் என்பதில்தான் இருக்கும். தமிழ்நாட்டில் கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுக்கும் பிக்மி முறை இதற்காகவும்தான் உதவுகிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பதால் குடும்பங்களே அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கின்றன.

டேஷ்போர்டிலிருந்து தொடங்குவது

எண்களை வரைபடமாகக் காட்டும் திரையிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

மென்பொருள் இலவசம், அதனால் நம்முடையது என்று நினைப்பது

டிஎச்ஐஎஸ்2 தென்னாப்பிரிக்காவில் 1990-களில் முளைத்து, ஓஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்த, சுகாதாரத் தகவல்களைச் சேர்த்துத் தொகுக்கும் திறந்த மூல மென்பொருள். யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இலங்கையைப் பாருங்கள். 2020 தொடக்கத்தில் கோவிட் வந்தபோது, நாட்டுக்குள் வரும் பயணிகளைப் பின்தொடர அதே மென்பொருளை அவர்களே சீக்கிரத்தில் மாற்றியமைத்தார்கள், பிறகு மற்ற நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன. சுகாதாரத் தகவலியல் படித்த மருத்துவர்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தார்கள். ஒரு பத்தியை மாற்றுவதற்கு வெளியூர் ஆலோசகரை அழைக்க வேண்டியிருந்தால் அந்த மென்பொருள் உங்களுடையது ஆகாது.

எண் குறைந்ததற்காகத் திட்டுவது

அடுத்த மாதம் எண் ஏறும். ஊரில் ஒன்றும் மாறியிருக்காது.

சர்வர் பாஸ்வேர்டு

திட்டம் முடிந்த பிறகு அது யாரிடம் இருக்கும் என்று, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

நாற்பது குறிகாட்டிகள்

இரண்டாம் நாள் அந்தப் பிள்ளைகளை ஒரு துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பட்டியலைச் செவிலியரிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் மாறினால் இங்கே நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்கச் சொன்னேன். பதினொன்றுக்குத்தான் பதில் வந்தது. அதில் ஒன்பது அவர் மேசையில் இருந்த பதிவேடுகளிலேயே இருந்தன. மீதி இரண்டுக்கும் தனிப் படிவம் போடலாமா என்று ஒரு பையன் கேட்டான். அரசுப் பதிவேட்டிலேயே சேர்க்கச் சொல்லி மாநில அலுவலகத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன்.